சிபாரிசுக் கடிதம்

மே மாதம் பிறந்ததும் கம்பம் பள்ளத்தாக்கின் பங்கு இல்லங்களுக்குப் பெற்றோர் வரத் தொடங்குவர். இராயப்பன்பட்டியாயினும் உத்தமபாளையமாயினும் வேண்டுதல் ஒன்றே: "சாமி, பிள்ளைக்கு நல்ல பள்ளியில் இடம் கிடைக்க ஒரு கடிதம்."

இடம் பெறுவது சலுகையா, உரிமையா? தமிழகத்தில் இது பழைய வழக்கு. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட அரசாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில், 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வாணை செல்லாது என்றது. இங்கு கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டே வந்த முதலாவது அரசியலமைப்புத் திருத்தம், பின்தங்கியோர்க்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு வழிதிறந்தது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இவ்வினாவைப் பள்ளி வாயிலுக்கே கொணர்ந்தது. சேர்க்கைக்கு நன்கொடை பெறுவதையும், பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்வதையும் அது தடுத்தது. உதவி பெறாத தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்தோர்க்கு ஒதுக்கியது. ஆயின் சிறுபான்மைப் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்னும் ஐயத்தை, 2025 செப்டம்பர் 1 அன்று அதே மன்றத்தின் இருவர் அமர்வு எழுப்பியது.

சட்டம் விலகி நின்ற வாயிலில் மனச்சான்றே காவல் நிற்க வேண்டும். நம் கடிதம் நம்மை அறிந்தவர்க்கே எட்டுகிறது. விடியுமுன் ஏலத்தோட்டக் கூலிக்கு ஜீப்பேறும் தாய்க்குப் பங்கு இல்லத்தின் படியேற நேரமேது? பொன்மோதிரக்காரருக்கு இருக்கையும் ஏழைக்கு நிற்குமிடமும் காட்டிய சபையைத் திருத்தூதர் யாக்கோபு கடிந்தார். அத்தாயின் பிள்ளைக்காக, கேளாமலே நாம் எழுதும் கடிதமே முதற்கடிதமாகட்டும்.