ஓட்டேரி நல்லாவும் ஹரீமும்

பெரம்பூரில் நம்மிடம் ஓதவரும் மாணாக்கரிடம் ஒருநாள், "பள்ளிவாசல் ஹவுளில் நிறைந்துள்ள தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என வினவினோம். "மோட்டாரிலிருந்து, ஹஜ்ரத்!" என்றான் ஒரு சிறுவன். அன்று அஸர் தொழுகைக்குப்பின் கிதாபுகளை மூடிவைக்கச் சொல்லி, அனைவரையும் ஓட்டேரி நல்லாவின் கரைக்கு அழைத்துச் சென்றோம்.

பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டனர். "இதற்கா நல்லா என்று பெயர்?" என்று சிரிப்பு வேறு. நாலா எனும் இந்துஸ்தானிச் சொல்லே நம்மவர் நாவில் நல்லா ஆயிற்று. அதன் பொருள் ஓடை. மேற்கே பாடிப் பக்கமிருந்து அயனாவரம், பெரம்பூர் வழியாக ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடி, பேசின் பாலத்தருகே பக்கிங்ஹாம் கால்வாயில் கலக்கும் மழைநீர்ப் பாதை அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருக்களில் தேங்கிய வெள்ளத்தை எவரும் மறந்திலர்.

குடிநீரின் கதை வேறு. கோட்டைக்கு நீர்தர 1772இல் ஏழுகிணறு அமைந்தது. அதற்கு நூறாண்டு கழித்தே புழல் ஏரியின் நீர் திறந்த வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கம் வந்து சேர்ந்தது. புழலுக்கோ, தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பப்படும் கொசஸ்தலையாற்று நீர் சோழவரம் ஏரி வழியாக வருகிறது. எஞ்சியது எண்ணூரில் கடலை அடைகிறது. 2019 கோடையில் புழல் வறண்டபோது குடங்களுடன் காத்துநின்றதை அன்னையர் இன்றும் சொல்வர்.

இவ்விடத்தில் ஃபிக்ஹு நூல்களின் ஹரீம் என்னும் சொல்லை நினைவூட்டினோம். கிணறு தோண்டியவருக்கு அதனைச் சுற்றி 40 முழம் காப்பு நிலம் உண்டு. பிறர் அங்கே தோண்டலாகாது. வாய்க்காலுக்கு ஹரீம் உண்டா? பிறர் நிலத்தினூடே செல்வதற்கு இல்லை என்றார் இமாம் அபூஹனீஃபா. அவர்தம் மாணாக்கர் இருவரும் அதற்கு உடன்படவில்லை. வாய்க்காலின் அகலத்தில் பாதியை இருகரையிலும் விடுக என்றார் அபூயூசுப். முழு அகலத்தையும் விடுக என்றார் முஹம்மது. கரையில் நடந்து பராமரிக்கவும், வாரிய சேற்றைக் கொட்டவும் இடம் வேண்டுமல்லவா? கால்வாய்களால் வாழ்ந்த இராக்கில், எட்டாம் நூற்றாண்டில் நிகழ்ந்த வாதம் இது. ஆசானை மறுத்துரைத்த அவ்விருவர் பக்கமே நம் மனம் சாய்கிறது.

மாணாக்கர் காலடியால் அளக்கத் தொடங்கினர். நாம் நின்ற கரையில் அபூயூசுப் கேட்ட பாதியும் இல்லை. நீர் விளிம்பிலிருந்து நான்கடியில் வீட்டுச் சுவர். தூர்வாரிய சேறு அந்த நான்கடியில் குவிந்து, ஒருபுறம் மீண்டும் நீருக்குள் சரிந்துகொண்டிருந்தது.