காற்று திரும்பும் வரை

உலகத் தலைவர்கள் சந்தித்துக் கை குலுக்கும்போது பேசிக்கொள்வதற்கு இப்போது ஒரு நல்ல விஷயம் கிடைத்திருக்கிறது. அதுதான் பழைய காலத்து வியாபாரப் பாதைகள். 2013-ம் வருஷம் சீனத் தலைவர் ஷி ஜின்பிங் இந்தோனேசியப் பாராளுமன்றத்தில் பேசியபோது, 'கடல்வழிப் பட்டுப் பாதை'யைப் புதுப்பிக்கலாம் என்று அறிவித்தார். அடுத்த வருஷமே நமது இந்திய சர்க்கார் இந்து மகாசமுத்திர நாடுகளின் பழைய உறவுகளை ஆராய்வதற்கு 'மௌசம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2023-ல் டில்லியில் நடந்த ஜி-20 மாநாட்டில் இந்தியாவையும் மேற்காசியாவையும் ஐரோப்பாவையும் கப்பலாலும் ரயிலாலும் இணைக்கும் இன்னொரு பாதை அறிவிக்கப்பட்டது. நூற்றாண்டுக் கணக்காகத் தூங்கிக் கிடந்த பாதைகளெல்லாம் பத்து வருஷத்துக்குள் கண் விழித்துக்கொண்டன!

சந்தோஷப்பட வேண்டிய சமாசாரந்தான். ஆனால் கதை எழுதுகிறவன் எதற்கும் ஒரு குறுக்குக் கேள்வி கேட்காமல் இருக்கமாட்டான். கடல் எங்கும் போய்விடவில்லை. காற்றும் அன்று அடித்தபடியேதான் இன்றும் அடிக்கிறது. அந்தக் காலத்தைவிட நூறு மடங்கு சரக்கு இன்று அதே கடலில் போய்க்கொண்டிருக்கிறது. அப்படியானால் செத்துப்போனது எது? எதை உயிர்ப்பிக்கப் போகிறோம்? அது தெரிந்தால் அல்லவா மருந்து கொடுக்கலாம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால், முதலில் காற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமது கடல்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று வீசும். கார்த்திகை பிறந்த பிறகு வடகிழக்கிலிருந்து வீசும். பாய்மரக் கப்பல் என்பது காற்றின் அடிமை. வரும் காற்றில் வந்து சேர்ந்தவன் ஊருக்குத் திரும்ப வேண்டுமானால் காற்று திரும்பும் வரை காத்திருக்கவேண்டியதுதான். பொன் இருந்தாலும் சரி, ராஜாவின் ஓலை இருந்தாலும் சரி, காற்று கேட்காது. அரபு நாட்டிலிருந்து சீனம் வரை போய்த் திரும்ப ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் ஆகும். அதில் பல மாதங்கள் கடலில் கழிவதில்லை. அந்நிய ஊர்களில், அந்நிய மனிதர்களுக்கு நடுவில் கழிந்தன.

இந்த மாதங்கள் வீண் என்றா நினைக்கிறீர்கள்? என் அபிப்பிராயத்தில், கீழை நாடுகளின் நாகரிகத்தில் பாதி இந்த மாதங்களில்தான் விளைந்தது.

சீனத் துறவி இத்சிங் 671-ம் வருஷம் கப்பலேறி, சுமத்திராவில் இருந்த ஸ்ரீவிஜயத்தில் இறங்கினார். அவர் போக வேண்டிய இடம் இந்தியா. ஆனால் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் படித்தார். தமக்குப் பின்னால் வரும் சீனத் துறவிகளும் அங்கே தங்கிப் படித்துவிட்டுப் போவது நல்லது என்று எழுதியும் வைத்தார்.

தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்ற இடத்தில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. 'அவனி நாரணம்' என்ற பெயருள்ள ஒரு குளத்தை அது குறிப்பிடுகிறது. மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினருக்கும், சேனாமுகத்தாருக்கும் அந்தக் குளம் அடைக்கலம் என்கிறது. அவனி நாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப் பெயர். வியாபாரம் செய்யப் போனவன் குளம் எதற்காக வெட்டுகிறான்? நாளைக்கே ஊர் திரும்புகிறவன் குளம் வெட்டுவதில்லை. தங்கப் போகிறவன்தான் வெட்டுவான். தனக்குப் பிறகும் தன் ஊர்க்காரர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கை உள்ளவன்தான் அதற்குக் காவலும் ஏற்பாடு செய்வான்.

இந்தப் பக்கமும் அப்படித்தான். 1006-ம் வருஷ வாக்கில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்தர்களுக்குச் சூடாமணி விகாரம் எடுத்தான். சிவபக்தனாகிய ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தைக் கொடுத்தான். சீனத்தில் குவான்சோ துறைமுகத்தில் 1281-ல் ஒரு சிவன் கோயில் எழுந்தது. சீனத்தை ஆண்ட மங்கோலியச் சக்கரவர்த்தியான கானின் தேக நலத்துக்காக, அவருடைய அனுமதியுடன் கட்டியதாக அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. அந்த ஊரின் புகழ்பெற்ற பௌத்த ஆலயம் ஒன்றில் விஷ்ணுவின் உருவம் செதுக்கிய தூண்கள் இன்றும் நிற்கின்றன. 2021-ல் குவான்சோ நகரத்து நினைவுச் சின்னங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

அன்றைய மனிதர்கள் எல்லாரும் சாதுக்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நாகப்பட்டின விகாரத்துக்கு நிலம் கொடுத்த ராஜராஜனின் மகன் ராஜேந்திரனே 1025-ல் கடற்படை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கினான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் கவனிக்க வேண்டும். 1090-ல் கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து கேட்டபோது, முதற் குலோத்துங்கன் அதே விகாரத்தின் உரிமைகளை உறுதி செய்து செப்பேடு எழுதிக் கொடுத்தான். யுத்தம் வந்தது, போயிற்று. விகாரம் நின்றது. அரசர்கள் அறுத்த இழையை, தங்கி வாழ்ந்தவர்கள் மறுபடியும் முடிந்துவிட்டார்கள்.

இந்த இரண்டு முகங்களையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால், கொழும்புக் காட்சிசாலைக்குப் போகவேண்டும். அங்கே ஒரு கல் இருக்கிறது. 1911-ம் வருஷம் இலங்கையின் தென்கரையில் உள்ள காலி நகரத்தில், சாலை மதகு ஒன்றின் மூடுகல்லாகக் கிடந்ததை ஓர் என்ஜினீயர் கண்டெடுத்தார். அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்து இருந்தது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டுவந்த கல் அது. அதில் உள்ள தேதி 1409-ம் வருஷத்தியது.

செங் ஹோ சாமானிய ஆள் அல்ல. யுன்னான் பிரதேசத்தில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, சீனச் சக்கரவர்த்தியின் நம்பிக்கைக்குப் பாத்திரமாகி, 1405 முதல் 1433 வரை ஏழு முறை பெரும் படையுடன் கடற் பிரயாணம் செய்தவன். முதல் பிரயாணத்தில் மட்டும் அவனுடன் 27,000-க்கு மேற்பட்டவர்கள் சென்றார்கள். அவன் கொண்டுவந்த கல்லில் சீன எழுத்து, சக்கரவர்த்தி புத்தருக்குக் காணிக்கை செலுத்தியதாகச் சொல்கிறது. தமிழ் எழுத்து, தென்னாவரை நாயனார் என்ற விஷ்ணுவுக்குச் செலுத்தியதாகச் சொல்கிறது. பாரசீக எழுத்து, அல்லாவுக்கு என்கிறது. பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, வாசனைத் தைலம் என்று காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே! ஒரு தெய்வத்துக்கு ஒரு பணம் கூட்டிக் கொடுத்து மற்றொரு தெய்வத்தை மனம் நோகச் செய்யவில்லை. இந்தக் கடலில் யார் யார் வாழ்கிறார்கள், அவர்கள் எந்த மொழி பேசுகிறார்கள், யாரைக் கும்பிடுகிறார்கள் என்பதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டவன் எழுதிய கல் அது.

ஆனால் அதே செங் ஹோ 1411-ல் இலங்கையில் யுத்தம் செய்து, அழகேஸ்வரன் என்ற அரசனைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனான். அரசன்தான் கப்பல்களைக் கொள்ளையிட ஆள் அனுப்பினான் என்று சீனக் குறிப்புகள் சொல்கின்றன. சக்கரவர்த்தி பிறகு அவனை விடுதலை செய்துவிட்டார். ஆக, ஒரு கையால் மூன்று தெய்வங்களுக்குக் காணிக்கை. மறு கையால் ஒரு ராஜாவுக்கு விலங்கு. பெரிய கப்பற்படையுடன் வருகிற சிநேகிதத்தில் இந்த அபாயம் எப்போதும் உண்டு.

போர்ச்சுகீசியர் வந்த பிறகு இந்தச் சங்கடமும் தீர்ந்தது. காணிக்கை போய் விலங்கு மட்டும் மிஞ்சியது! கடலில் கப்பல் விட வேண்டுமானால் தங்களிடம் பணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த கடலுக்குச் சொந்தக்காரர் முளைத்தார். காலிக் கல்லில் கண்ட தென்னாவரை நாயனார் கோயிலை 1588-ல் அவர்கள் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது. காற்றுக்காகக் காத்திருக்கும் அவசியம் போயிற்று. 1956-ல் பெட்டி பெட்டியாகச் சரக்கேற்றும் கப்பல் அமெரிக்காவில் புறப்பட்டது. சரக்கை இறக்க வாரக்கணக்கில் நிற்கும் அவசியமும் போயிற்று. இன்று பெரிய துறைமுகத்துக்கு வருகிற கப்பல் ஒரு நாள், ஒன்றரை நாளில் புறப்பட்டுவிடுகிறது. மாலுமி கரையில் இறங்கி ஒரு காப்பி சாப்பிடுவதற்குள் சங்கு ஊதிவிடுகிறது. உலகத்தையே சுற்றி வந்து உலகத்தில் ஒருவரையும் தெரிந்துகொள்ளாமல் வீடு திரும்புவது இப்போது மிகவும் சுலபம்.

செத்துப்போனது இதுதான். சரக்கு போகும் பாதை சாகவில்லை. மனிதன் தங்கும் பாதைதான் செத்தது.

இந்தக் கண்ணோடு பார்த்தால், இன்றைய திட்டங்களில் எது உயிருள்ளது, எது இல்லாதது என்று ஒருவாறு புலப்படும். காலிக்குக் கிழக்கே, அதே தென்கரையில் ஹம்பாந்தோட்டை இருக்கிறது. சீனக் கடனில் கட்டிய அந்தத் துறைமுகம் 2017-ல் ஒரு சீனக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகையாகப் போயிற்று. துறைமுகம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் குத்தகைப் பத்திரத்தில் எத்தனை ஷரத்து எழுதினாலும், பக்கத்து வீட்டுக்காரனாகப் பழகுவதற்கு ஒரு ஷரத்து எழுத முடியுமா?

வேறு விதமான முயற்சிகளும் உண்டு. 1990 அக்டோபரில் ஓமான் சுல்தான் இரவல் கொடுத்த கப்பலில், யுனெஸ்கோ பல தேசத்து அறிஞர்களை வெனிஸிலிருந்து புறப்படச் செய்தது. அது கடல்வழியாகத் துறைமுகம் துறைமுகமாகத் தங்கி, 1991 மார்ச்சில் ஜப்பானின் ஒஸாகாவை அடைந்தது. 2010-ல் ஓமான் நாட்டார் ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த கப்பல் ஒன்றைக் கட்டி, சிங்கப்பூருக்குப் பரிசாக அனுப்பினார்கள். பாய்மரங்களுக்குப் பழுது நேர்ந்து, அதே காலித் துறைமுகத்தில் தங்கி, புதிய மரங்களைப் பொருத்திக்கொண்டுதான் அது மேலே சென்றது.

நமக்கு மிகவும் அருகிலேயும் ஒன்று நடந்தது. யுத்தத்தால் 1980-களில் நின்றுபோன இந்தியா-இலங்கைப் பிரயாணிகள் கப்பல், 2023 அக்டோபர் 14-ந் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மறுபடியும் புறப்பட்டது. சில நாட்களில் பருவக்காற்று குறுக்கிட்டு நின்றுவிட்டது. 2024 ஆகஸ்டில் திரும்பத் தொடங்கியது. சுமார் 150 பேரை ஏற்றிக்கொண்டு நாலு மணி நேரத்தில் அக்கரை சேரும் சின்னக் கப்பல். செங் ஹோவின் கப்பற்படைக்கு முன்னால் இது ஒரு தோணி. ஆனாலும் விகாரம் எடுத்த கடாரத்தான் இறங்கிய அதே நாகப்பட்டினத்திலிருந்து, மூட்டை முடிச்சுடன், உறவினரைப் பார்க்கவும் கோயிலுக்குப் போகவும் மனிதர்கள் கப்பல் ஏறினார்கள் அல்லவா? பழைய பாதை உயிர்பெற்றது என்று நான் சொல்வது இதைத்தான்.

சர்க்கார்கள் துறைமுகங்களைக் கட்டட்டும், ரயில் போடட்டும். அத்துடன், அக்கரை மாணவன் இக்கரையில் ஒரு வருஷம் தங்கிப் படிக்கவும், சின்ன வியாபாரி நாலு மாதம் கடை போடவும், மாலுமி இரண்டு நாள் ஊருக்குள் நடமாடவும் வழி செய்யட்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் இந்தக் காரியத்தைக் காற்றே இனாமாகச் செய்து கொடுத்தது. இப்போது காற்றின் தயவு போய்விட்டது. மனிதர்கள்தான் மனம் வைத்துச் செய்ய வேண்டும்.

இல்லையேல், இன்று நாட்டும் அடிக்கல்லும் மூன்று மொழியில் எழுதிய அந்தக் கல்லின் கதியைத்தான் அடையும். அதைப் படிக்க ஆளில்லாத நாள் வந்ததும், ஊரார் அதை எடுத்து மதகுக்கு மூடியாகப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கல் உறுதியாகத்தான் இருந்தது; அதை எழுதியவர்கள்தான் அந்த ஊரில் இல்லை.