ஏப்ரல் முப்பதுக்குள்: ஆனேக்கல் வரியும் ஓசூர் வரியும்

அத்திப்பள்ளியில் தமிழ்நாடு–கர்நாடக எல்லை தாண்டி வேலைக்குப் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஓசூரில் சொந்த வீடு இருக்கும், ஆனேக்கலில் வாடகைக்கு விட்ட போர்ஷன் இருக்கும். ஏப்ரல் பிறந்தால் அவர்களுக்கு இரண்டு வரிக்கணக்கு. ஆனேக்கல் புரசபையும் ஓசூர் மாநகராட்சியும் சொல்வது ஒரே சலுகைதான்: ஏப்ரலுக்குள் கட்டினால் 5 விழுக்காடு குறையும். எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றென்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை.

ஆனேக்கலில் கணக்குப் போட வேண்டியவர் வீட்டுக்காரர். சுய மதிப்பீட்டு முறையைப் பெங்களூரு மாநகர பாலிகே 2000இல் கொண்டுவந்தது. பிறகு அது கர்நாடகத்தின் மற்ற நகராட்சிகளுக்கும் பரவியது. மனையின் பரப்பு, கட்டடத்தின் பரப்பு, வழிகாட்டி மதிப்பு, சொந்தக் குடியிருப்பா வாடகையா என்பதையெல்லாம் உரிமையாளரே படிவத்தில் நிரப்பி, வரும் தொகையைச் செலானில் கட்ட வேண்டும். நூலகம், சுகாதாரம், பிச்சைக்காரர் மறுவாழ்வு என்று மேல்வரிகளும் இதில் சேரும். ஓசூரில் இந்த வேலை நமக்கில்லை. மாநகராட்சி மதிப்பிட்டு வைத்திருக்கிறது. மதிப்பீட்டு எண்ணைத் தட்டினால் அரையாண்டுத் தொகை திரையில் வந்து நிற்கும்.

ஆகவே 'முன்கூட்டி' என்பதற்கு ஓசூரில் பணத்தை முன்கூட்டிக் கட்டுவது என்ற பொருள் மட்டுமே. ஆனேக்கலில் படிவத்தையும் முன்கூட்டி எழுத வேண்டியிருக்கிறது. என் பார்வையில் தள்ளுபடியைவிட இதுதான் பெரிய லாபம். மாடியில் ஓர் அறை கட்டியிருப்போம், கீழே கடை போட்டிருப்போம், போன ஆண்டு ரசீதில் பெயர் பிழையாக ஏறியிருக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் படிவத்தை எடுத்தவருக்கு அலுவலகத்துக்கு இரண்டு நடை நடந்து சரிசெய்ய நாள் இருக்கும். 29ஆம் தேதி ஓடுகிறவர் பழைய எண்களையே மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். பரப்பைக் குறைத்துக் காட்டியது பின்னால் தெரிந்தால் விட்டுப்போன வரியோடு அபராதமும் வரும். காத்தா (சொத்துப் பதிவேடு) மாற்றம், வங்கிக் கடன், விற்பனை என்று எதற்குப் போனாலும் முதலில் கேட்பது வரி ரசீதைத்தான்.

இனிப் பணத்துக்கு வருவோம். மேல்வரிகளை ஒதுக்கிவிட்டு, ஆண்டு வரி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆனேக்கலில் ஏப்ரலில் கட்டினால் 5,700. மே, ஜூனில் கட்டினால் தள்ளுபடியும் இல்லை, தண்டமும் இல்லை, 6,000. ஜூலையிலிருந்து மாதந்தோறும் 2 விழுக்காடு தண்டம் ஏறும். அடுத்த மார்ச்சில் கட்டுகிறவர் ஒன்பது மாதத் தண்டம் 1,080 சேர்த்து 7,080 எடுத்துவைக்க வேண்டும். ஏப்ரல்காரருக்கும் மார்ச்காரருக்கும் இடையே 1,380 ரூபாய். ஏப்ரலில் கட்டாமல் ஜூன் வரை அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வைத்தால் நூறு ரூபாய்கூட வட்டி வராது, இழப்பது 300.

ஓசூரில் அதே 6,000 இரண்டு அரையாண்டாகப் பிரியும். ஒவ்வோர் அரையாண்டும் தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் ஊக்கத்தொகை கழிந்து 2,850. மொத்தத்தில் அதே 5,700தான். ஆனால் பாதிப் பணம் அக்டோபர் வரை நம் கையில் இருக்கும். தவறினால் மாதம் 1 விழுக்காடு தனிவட்டி. ஆனேக்கலின் தண்டத்தில் பாதி. பள்ளிக் கட்டணமும் வரியும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும் சம்பளக்காரர் வீட்டுக்கு ஓசூர் முறையே இலகுவானது. ஆண்டுக்கு இரண்டு தேதியை நினைவில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமான வேறுபாடு உச்சவரம்பு. தமிழ்நாட்டில் ஊக்கத்தொகை அரையாண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டாது. கர்நாடகத்துத் தள்ளுபடி வரியோடு சேர்ந்து வளரும். ஆண்டுக்கு 4 லட்சம் வரி கட்டும் வணிக வளாகத்துக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் 20,000 கிடைக்கும். இந்தப் பக்கம் இரு தவணைக்கும் சேர்த்து 10,000தான். கையில் மொத்தப் பணம் வைத்திருப்பவருக்கு மேலும் கொடுப்பது எனக்கு உவப்பாக இல்லை.

சலுகையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சலுகை இல்லாத வருமான வரியைப் பாருங்கள்: கணக்கை முன்கூட்டித் தாக்கல் செய்தால் வரியில் ஒரு ரூபாயும் குறையாது. கூடுதலாகப் பிடித்த தொகை சீக்கிரம் திரும்பி வரலாம், அவ்வளவே. விளைவு, 2024 ஜூலை 31 என்ற கடைசி நாளில் மட்டும் 69.92 லட்சம் பேர் தாக்கல் செய்தார்கள். அவசரத்தைப் பரப்பிவிட 5 விழுக்காடு உதவுகிறது. சலுகைத் தேதியை நீட்டிக்கொண்டே போனால்தான் பயன் கெடும். 2024இல் பெங்களூரு மாநகராட்சி ஏப்ரல் சலுகையை ஜூலை 31 வரை நீட்டியது. இப்படி ஓரிரு முறை நடந்தால் ஏப்ரலில் யார் வருவார்கள்?

ஆனேக்கல் ஓசூரிடமிருந்து இரண்டு தவணையையும் உச்சவரம்பையும் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை ஆனேக்கலில் வீடு வைத்திருப்பவர்கள் மார்ச் கடைசியிலேயே பழைய ரசீதையும் அளவு நாடாவையும் எடுத்துவைத்து, ஏப்ரல் பத்துக்குள் படிவத்தை முடித்துவிடுங்கள்.