புதிதாக்காமல் விட்ட துப்பாக்கி

2014 நவம்பர். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் கள ஆய்வு செய்துகொண்டிருந்த தொல்லியல் குழுவின் கண்ணில், ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்ந்து நின்ற ரைஃபிள் பட்டது. வின்செஸ்டர் 1873 மாடல். குழலில் துரு. மரக்கட்டை வெயிலில் வெளுத்து வெடித்து, அதன் அடி மண்ணுக்குள் புதைந்திருந்தது. சாய்த்து வைத்தவர் திரும்பி வந்து எடுக்கவே இல்லை.

இதை என்ன செய்வது? துருவைத் தேய்த்து, நீலக்கறுப்பு மெருகேற்றி, புதுக் கட்டை போட்டால் கடையில் வாங்கியதுபோல் மின்னும். ஆனால் தேய்க்கும்போது துருவோடு இரும்பும் போகும். பொறித்த எழுத்துகள் மழுங்கும். அந்த எழுத்துகள்தான் சாட்சி. வரிசை எண்ணை வைத்துத்தான், வயோமிங்கின் கோடி நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் கம்பெனிப் பதிவேட்டில் தேடி, 1882இல் அனுப்பப்பட்ட துப்பாக்கி இது என்று கண்டுபிடித்தார்கள். வாங்கியவர் பெயர் அதில் இல்லை.

அருங்காட்சியக வல்லுநர்கள் உதிர்கிற மரச் சில்லுகளைப் பசையால் நிலைநிறுத்தினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டைக்குள் ஒரு தோட்டா ஒளிந்திருந்தது. 1887க்கும் 1911க்கும் இடையில் தயாரான வகை. ஆக, குறைந்தது 1887 வரையாவது அந்தத் துப்பாக்கி யாரோ ஒருவரிடம் புழங்கியிருக்கிறது. அதற்கு மேல் அதைப் புதிதாக்கவில்லை. கண்டெடுத்த கோலத்திலேயே பூங்காவில் காட்சிக்கு வைத்தார்கள். சரியான முடிவு என்றே நாங்கள் நினைக்கிறோம். இந்த மாடலில் 7 லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். மின்னுகிற வின்செஸ்டருக்கு அங்கே பஞ்சமில்லை. எல்லாத் துருவையும் அப்படியே விட வேண்டும் என்று சொல்லவில்லை. இரும்பைத் தின்றுகொண்டிருக்கும் சிவப்புத் துருவை நிறுத்தாவிட்டால் காக்கப் பொருளே மிஞ்சாது. நிறுத்துவது வேறு, புதிதாக்குவது வேறு.

மேற்குப் பகுதியையே வென்ற துப்பாக்கி என்று பின்னாளில் கம்பெனி இதை விளம்பரம் செய்தது. யாரிடமிருந்து வென்றது? அந்தப் பூங்கா இருக்கும் நிலம் ஷோஷோனி, கோஷூட் மக்களுடையது. மெருகேற்றிய துப்பாக்கி அந்த விளம்பரக் கதைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதே வின்செஸ்டருக்கு இன்னொரு கதையும் உண்டு. தோழர்கள் அவசியம் படிக்க வேண்டியது. 1892 மார்ச்சில் மெம்பிஸ் நகரில் மளிகைக்கடை நடத்திய மூன்று கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. அவர்களின் தோழி, பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், அதே ஆண்டு எழுதிய நூலில், ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் ஒரு வின்செஸ்டர் மரியாதையான இடத்தில் இருக்க வேண்டும் என்றார். சட்டம் தராத பாதுகாப்புக்காக. (துப்பாக்கியைக் கொண்டாட இதை எழுதவில்லை. அவர் வாழ்நாள் முழுக்க ஏந்தியது பேனா.)

மரத்தடியில் நின்ற துப்பாக்கி சுரங்கத் தொழிலாளியுடையதா, மாடு மேய்த்தவருடையதா, வேட்டைக்கு வந்தவருடையதா, பதிவேட்டில் இல்லை. மண்ணில் புதைந்திருந்த கட்டையின் அடிப்பகுதியில் அந்தக் கறை இன்னும் அப்படியே இருக்கிறது.