ராக்கெட் கிளம்பும் முன்பே தைக்கப்படும் சின்னம்

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04 மணி. சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அப்பா ரயில்வே ஊழியர். மகன் படித்தது அதே ஊரின் ரயில்வே பள்ளியில். அன்று மாலை விழுப்புரத்தில் பட்டாசு வெடித்தது, இனிப்பு வழங்கப்பட்டது. மறுநாள் வந்த செய்தித்தாளை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எத்தனையோ பேர் மடித்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள். நம் ஊரில் ஒரு விண்வெளிப் பயணத்தின் ஞாபகப் பொருள் என்றால் பெரும்பாலும் இதுதான்.

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்வது உள்ளங்கை அளவு துணி. மிஷன் பேட்ச் என்பார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக ஒரு சின்னம் வரைந்து, நூலால் பூவேலை செய்து, வீரர்களின் உடையில் தைத்துவிடுவார்கள். இதைச் சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

கூண்டு வண்டியில் ஆரம்பித்த கதை

நாசாவில் இந்தப் பழக்கம் 1965 ஆகஸ்டில் பறந்த ஜெமினி-5 பயணத்தில் தொடங்கியது. கார்டன் கூப்பர், பீட் கான்ராட் என்ற இரண்டு பேர் எட்டு நாள் விண்ணில் இருக்க வேண்டும். அதுவரை யாரும் அவ்வளவு நாள் இருந்ததில்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குக் குடியேறப் போனவர்கள் ஓட்டிச் சென்ற கூண்டு வண்டியைச் சின்னமாக வரைந்தார்கள். அதன் மேல் 'எட்டு நாள், இல்லையென்றால் அம்போ' என்ற அர்த்தத்தில் ஒரு வாசகம்.

நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்புக்கு அந்த வாசகம் பிடிக்கவில்லை. ஏழாவது நாளே திரும்பி வந்துவிட்டால் ஊரே சிரிக்குமே! பேட்சுக்கு அனுமதி கொடுத்தார், ஆனால் வாசகத்தின் மேல் ஒரு துணியை வைத்துத் தைத்து மறைக்கச் சொன்னார். அப்படியே மறைத்துக்கொண்டுதான் பறந்தார்கள். கிட்டத்தட்ட எட்டு நாள் முடித்துவிட்டு வந்தார்கள்.

வெப் பயந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. வெற்றிக் கோப்பையில் பெயர் பொறிப்பது ஜெயித்த பிறகு. பேட்சில் பெயர் தைப்பது கிளம்புவதற்கு முன்னால். முடிவு என்ன ஆகும் என்று தைப்பவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டு போகிறவருக்கும் தெரியாது.

கொலம்பியா விண்கலத்தின் எஸ்.டி.எஸ்.-107 பேட்சைப் பார்த்தால் இது புரியும். ஓரத்தில் ஏழு பெயர்கள். அதில் ஒன்று சாவ்லா. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா தரையிறங்க வந்தபோது உடைந்து சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அது அஞ்சலிக்காகச் செய்த சின்னம் இல்லை. நல்லபடியாகத் திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில் தைத்தது. இன்று அதைக் கையில் எடுத்தால் மனம் கனப்பது அதனால்தான்.

இந்தியாவில் யார் ஆரம்பித்தது?

ராக்கெட் சோதனையின் ஞாபகப் பொருளைச் சேகரிப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. நாசாவே பிறக்காத காலத்தில் கல்கத்தாவில் ஸ்டீபன் ஸ்மித் என்பவர் ராக்கெட்டில் தபால் அனுப்பிப் பார்த்தார். 1891-ல் ஷில்லாங்கில் பிறந்தவர். 1934 செப்டம்பர் 30 அன்று ஒரு கப்பலில் இருந்து சாகர் தீவை நோக்கி முதல் ராக்கெட்டை விட்டார். அது வானத்திலேயே வெடித்துக் கடிதங்கள் சிதறின. அவர் விடவில்லை. அடுத்த பத்து வருடங்களில் சுமார் 270 ராக்கெட்டுகளை ஏவினார். 1935-ல் ஒரு சேவலையும் ஒரு கோழியையும் ராக்கெட்டில் வைத்து தாமோதர் நதியைக் கடக்க வைத்தார். இரண்டும் உயிரோடு போய்ச் சேர்ந்தன!

ராக்கெட்டில் போன உறைகளைத் தபால்தலை சேகரிப்பவர்கள் விரும்பி வாங்கினார்கள். இன்றும் ஏலத்தில் தேடி வாங்குகிறார்கள். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த உறைகள் மட்டும் அல்ல, வெடித்துச் சிதறியதில் தப்பியவையும் சரித்திரம்தான். 1992-ல் இந்தியா ஸ்மித்துக்குத் தபால்தலை வெளியிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் விண்வெளி ஞாபகங்கள் துணியில் இல்லை, காகிதத்தில் இருக்கின்றன. 1975-ல் பறந்த ஆரியபட்டா செயற்கைக்கோளின் படம் 2 ரூபாய் நோட்டின் பின்பக்கம் வந்தது. திண்டிவனம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியவர் கையிலும் அந்தச் செயற்கைக்கோள் இருந்தது, அவருக்கே தெரியாமல்.

ஆனால் இந்தக் காகிதத்தில் ஒரு குறை உண்டு. எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் சோதனை 1979 ஆகஸ்ட் 10 அன்று தோற்றது. வங்காள விரிகுடாவில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று அடுத்த ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. 1981-ல் வந்த தபால்தலை அந்த வெற்றிக்கு. தோல்விக்கு யார் தபால்தலை போடுவார்கள்?

பணம் நுழைந்தால்

எல்லாச் சேகரிப்பிலும் இருக்கும் ஆபத்து இதிலும் உண்டு. 1971-ல் அப்போலோ-15 வீரர்கள் மூன்று பேர், அனுமதி இல்லாமல் 398 தபால் உறைகளை நிலவுக்கு எடுத்துப் போனார்கள். அதில் 100 உறைகள் ஒரு ஜெர்மானிய வியாபாரி கைக்குப் போய், ஒன்று சுமார் 1,500 டாலர் என விற்றன. விஷயம் வெளியே வந்ததும் நாசா மூவரையும் கண்டித்தது. அவர்கள் மறுபடி விண்ணுக்குப் போகவே இல்லை.

கடையில் விற்கும் பேட்சும், விண்ணுக்குப் போய் வந்த பேட்சும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். முன்னது சில டாலர். பின்னது எட்டாத விலை. வித்தியாசம் துணியில் இல்லை, கூட வரும் அத்தாட்சியில் இருக்கிறது. எந்தப் பயணம், எந்தத் தேதி, யார் கையில் இருந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரத் துணி.

இப்போது

இந்தியாவிலும் பேட்ச் வர ஆரம்பித்துவிட்டது. ஸ்கைரூட் என்ற ஹைதராபாத் நிறுவனத்தின் விக்ரம்-எஸ், 2022 நவம்பர் 18 அன்று சோதனையாகப் பறந்தது. நாட்டின் முதல் தனியார் ராக்கெட் அது. அதன் சின்னத்தை அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் ஏவுதலுக்குச் சில நாள் முன்பே வெளியிட்டார். இதுவும் முடிவு தெரியும் முன்பே!

ஏவுதலை நேரில் பார்க்கவும் வழி இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் 2019-ல் திறக்கப்பட்டது. இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு, விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ரயில் ஏறி எழும்பூர், பிறகு சென்ட்ரலில் இருந்து புறநகர் ரயிலில் சூலூர்ப்பேட்டை. அந்த ரயில் டிக்கெட்டின் பின்னால் தேதியையும் ராக்கெட் பெயரையும் எழுதி வைத்தால் அதுவும் ஒரு சேகரிப்புதான்.

பரணில் பழைய செய்தித்தாள் கட்டு இருந்தால் இன்னொன்றும் தேடலாம். 2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2 விக்ரம் லேண்டரின் தொடர்பு அறுந்தது. அடுத்து வந்த பேப்பரைப் பெரும்பாலும் யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். கிடைத்தால் அதை 2023 ஆகஸ்ட் பேப்பருக்கு மேலே வையுங்கள். விழுப்புரத்துக்காரர் பொறுப்பேற்ற வேலை அந்தத் தோல்விக்குப் பிறகுதான் தொடங்கியது. இரண்டும் சேர்ந்தால்தான் அது சரித்திரம். ஒன்று மட்டும் இருந்தால் வெறும் கொண்டாட்டம்.