இறங்கிய இடத்தில் விசா

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் எங்கள் சித்தையன்கோட்டை டீக்கடையில் ஒரு பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வயது இருபத்திரண்டு இருக்கும். அவன் சித்தப்பா என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். "சார், கம்போடியா போறேன். டேட்டா என்ட்ரி வேலை. விசாவுக்கு அலைய வேண்டியதில்ல, அங்க போய் இறங்குனா ஏர்போர்ட்லயே குத்திக் குடுத்துருவாங்களாம். ஏஜெண்ட் சொன்னாரு" என்றான்.

ஏஜெண்ட் சொன்னதில் பாதி உண்மை. கம்போடியாவில் இந்தியர்களுக்கு விமான நிலையத்திலேயே சுற்றுலா விசா கொடுக்கிறார்கள். முப்பது டாலர் கட்டணம். ஆனால் அது ஊர் சுற்றிப் பார்ப்பதற்கான விசா. இந்த வித்தியாசத்தில் எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்கள் என்பது பழைய கதை. டீக்கடையில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் தாயாரின் அப்பா 1936-ல் பினாங்கு போனார். இங்கிருந்து மாட்டு வண்டியில் திண்டுக்கல், அங்கே ரயிலேறி நாகப்பட்டினம், பிறகு ரஜூலா கப்பல். 1926-ல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டே போனதாகத் தாத்தா சொல்வார். அவருக்கு விசா என்ற சொல்லே தெரியாது. இரண்டு கரையும் வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்த காலம். கரையை நெருங்கும்போது டாக்டர் பார்ப்பாராம். அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா என்பதுதான் கேள்வி. சந்தேகம் வந்தால் பினாங்குக்குப் பக்கத்தில் உள்ள ஜெரஜாக் தீவில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். சந்தேகம் இல்லையென்றால் இறங்கிப் போகலாம். தாத்தாவுக்கு அந்தத் தழும்புதான் விசா.

இலங்கைக்குப் போனவர்கள் கதை இதற்கு நேர்மாறு. இந்தப் பக்கத்து ஆட்கள் மதுரையில் ரயில் மாறி மண்டபம் போவார்கள். அங்கே ஒரு முகாம் இருந்தது. இன்றும் அந்த இடத்துக்கு மண்டபம் கேம்ப் என்றுதான் பெயர். நிலம் நம்முடையது, முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களைச் சில நாட்கள் அங்கேயே நிறுத்தி வைத்து, ஊசி போட்டு, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். அதாவது அடுத்த நாட்டின் வாசலைக் கொண்டுவந்து நம் ஊரில் வைத்திருந்தார்கள்.

பள்ளியில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் 2012 முதல் இலங்கை கேட்கும் இணைய அனுமதியும் கிட்டத்தட்ட அதுதானே? அதற்கு முன்பு கொழும்பில் இறங்கிய பிறகு முத்திரை குத்தினார்கள். பிறகு கிளம்பும் முன்பே கம்ப்யூட்டரில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். மண்டபம் கேம்ப் கைப்பேசிக்குள் வந்துவிட்டது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. இலங்கையின் குடிவரவுச் சட்டம் 1948-ல் வந்து 1949 நவம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் காகிதம் இல்லாமல் படகில் போனவர்களுக்கு 'கள்ளத்தோணி' என்று பெயர் விழுந்தது. பரம்பரையாகத் தோட்டத்தில் உழைத்தவர்களைக்கூட அந்தப் பெயரால் ஏசினார்கள் என்பதுதான் கொடுமை. மலேயாவில் புதிய குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டில் அமலானது. தாத்தா அதற்கு முந்தைய வருடம் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவர். திரும்பிப் போகும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வரவில்லை. 'முன்னே மாதிரி கப்பலேறினால் விட்டுவிடுவான்' என்று இருந்துவிட்டார். விடவில்லை. பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு வந்த மளிகைக் கடை அப்படியே போயிற்று. சாகும் வரை அந்தக் கடைச் சாவி அவர் டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

நானும் 'இறங்கிய இடத்தில் விசா' வாங்கியவன்தான். 2018 மே மாதம் பணி ஓய்வு பெற்றேன். அடுத்த மாதமே மருமகன் என்னையும் மனைவியையும் பாங்காக் அழைத்துப் போனார். சுவர்ணபூமி விமான நிலையத்தில் படிவம், போட்டோ, திரும்பி வரும் டிக்கெட், தங்கும் விடுதி விவரம், ஆளுக்கு 2,000 பாட் கட்டணம். கையில் 10,000 பாட் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். முத்திரையில் பதினைந்து நாள் கணக்கு. வரிசையில் எங்களுக்கு முன்னால் நம்மூர்ப் பையன்கள் ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரி பையோடு நின்றார்கள். எந்த ஹோட்டல் என்று கேட்டதற்கு ஒருவனுக்கும் பதில் தெரியவில்லை. ஓரமாக நிற்க வைத்தார்கள். அவர்கள் கதி என்னவாயிற்று என்று தெரியாமலே நாங்கள் வெளியே வந்துவிட்டோம். அந்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

இப்போது அந்தச் சித்தப்பா கதைக்கு வருகிறேன். 2009-ல் ஒரு ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு மலேசியா போனார். அப்போது அங்கேயும் இந்தியர்களுக்கு இறங்கியதும் விசா. சுற்றுலாப் பயணி என்று இறங்கி, மறுநாள் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனார். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். விசா நாள் முடிந்துபோனது. 2010 ஆகஸ்டில் மலேசியா அந்த வசதியையே நிறுத்தியது. வந்த இந்தியர்களில் ஏறக்குறைய 40,000 பேர் திரும்பிப் போகவில்லை என்று அந்த அரசு சொன்னது. அந்தக் கணக்கில் என் மாணவரும் ஒருவர். 2011-ல் 6பி என்ற பொதுமன்னிப்புத் திட்டம் வந்தபோது பதிவு செய்து ஊர் வந்து சேர்ந்தார். நிலத்தை விற்ற பணம் போனது போனதுதான். வீட்டில் அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. 'சித்தப்பா ஃபாரின் போய் வந்தவர்' என்பது மட்டும்தான் பையனுக்குத் தெரியும்.

பாத்திரம் கழுவியதோடு அவர் தப்பினார். இப்போதைய நிலைமை வேறு. கம்போடியாவிலும் மியான்மரின் மியாவாடியிலும் நம் பிள்ளைகளை அடைத்து வைத்து, போனில் மற்றவர்களை ஏமாற்றும் வேலை செய்யச் சொல்கிறார்கள். மறுத்தால் அடி. 2022 அக்டோபரில் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். கம்போடியாவிலிருந்து சுமார் 250 இந்தியர்களை மீட்டதாக 2024 மார்ச்சில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது.

நேற்று மாலை பையனை வீட்டுக்கு வரச்சொன்னேன். கையில் ஒரு தாள் கொண்டுவந்தான். சம்பளம் டாலரில் இருக்கிறது, கம்பெனி முகவரி இல்லை. ஏஜெண்டிடம் வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு எண் கேட்டாயா என்றேன். கேட்கவில்லை. இமைகிரேட் இணையதளத்தில் அந்த ஏஜெண்ட் பெயரைத் தேடினோம். வரவில்லை. எண்பதாயிரம் முன்பணம் கட்டியாகிவிட்டதாம். அதைச் சொல்லும்போதே அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

"உங்க சித்தப்பா வீட்டுல இருக்காரா?" என்று கேட்டேன். இருக்கிறார் என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு அவனோடு கிளம்பினேன்.