புகையில் வேகவிட்டு உதிர்த்த மாட்டிறைச்சி

மாட்டின் தோள், நெஞ்சு முதலிய கடினமான பாகங்களை, நேரே தீயில் காட்டாமல், விறகுப் புகை சூழ்ந்த மிதமான உஷ்ணத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் வைத்திருந்து, கத்தியின் துணையின்றிக் கையால் பிரியும் பதம் வந்தபின் இழை இழையாகப் பிய்த்துப் பரிமாறும் உணவு இது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், பிரதானமாக டெக்சஸ் மாநிலத்தில், பார்பிக்யூ என்று வழங்கும் சமையல் முறையின் கிளைகளுள் ஒன்று. வீட்டில் ஒருவர் தனித்து நின்று நாற்பது ஐம்பது பேருக்கு ஆக்கக்கூடிய இறைச்சி வகைகளில் இதற்கு நிகரானது அரிது; ஏனெனில் மற்றவை பெரும்பாலும் விருந்தினர் பந்தியில் அமரும் வேளையில் சமைப்பவரை அடுப்படியிலேயே நிறுத்திவிட, இதுவோ விருந்துக்குப் பல மணி முன்னதாகவே வெந்து முடிந்து, காத்திருக்கும் நேரத்தில் கெடாமல் பின்னும் இளகுகிறது.

இதன் பூர்வோத்தரம் இரு வழிகளில் வருகிறது. ரியோ கிராண்டே நதிப் பிரதேசத்தில் மெக்சிக மாடு மேய்ப்போர், மாட்டுத் தலையை ஈரச் சாக்கிலோ மடல்களிலோ சுற்றித் தணல் நிறைந்த குழியில் இரவெல்லாம் புதைத்து வைத்து, விடிந்தபின் தோண்டியெடுத்துப் பிய்த்து உண்ட பார்பகோவா ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் மத்திய டெக்சஸில் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் தங்கள் கசாப்புக் கடைகளில், விற்காமல் நின்ற கறியை வீணாக்க மனமின்றிப் புகையிலிட்டுக் காகிதத்தில் வைத்து விற்ற வழக்கம் மற்றொன்று. லாக்ஹார்ட் என்னும் ஊரில் 1900இல் தொடங்கிய கிரைட்ஸ் மார்க்கெட் இந்த இரண்டாம் மரபைச் சேர்ந்தது. அம்மாநிலத்தவர் இவ்வுணவை எவ்வளவு உரிமையோடு கருதுகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும்: 1963 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் லுட்விக் எர்ஹார்ட் வந்திருந்தபோது, டெக்சஸ்காரரான ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அவருக்கு அளித்த அரசாங்க விருந்தே பார்பிக்யூதான், குளிரின் காரணமாக அது ஸ்டோன்வால் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில், வால்ட்டர் ஜெட்டன் என்னும் புகழ்பெற்ற சமையற்காரரின் பொறுப்பில் நடந்தேறியது.

உதிர்ப்பதற்கு உகந்தது கழுத்துக்கும் விலாவுக்கும் இடைப்பட்ட தோள்கறி, நெஞ்சுக்கறியும் ஏற்கும். மாட்டுக்குக் காறை எலும்பு இல்லாமையால், உடலின் முன்பாரத்தைத் தாங்கும் வேலை இந்தத் தசைகளின் மேலேயே விழுகிறது; ஓயாமல் உழைத்த தசையில் கொலாஜன் என்னும் உறுதியான புரதம் செறிந்திருப்பதால், சாதாரணமாகச் சமைத்தால் இக்கறி தோலைப் போல் கிடக்கும். ஆனால் அதே கொலாஜன், கறியின் உட்புறம் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் நிற்குமானால், கொஞ்சங் கொஞ்சமாகக் கரைந்து ஜெலட்டினாகி, உலர்ந்துபோக வேண்டிய இழைகளுக்கு மெருகும் வழவழப்பும் தருகிறது. மிருதுவான, விலையுயர்ந்த கறியை இதற்கு வாங்குவது பணத்துக்கும் கறிக்கும் ஒருங்கே செய்யும் தீங்கு.

வேகும்போது பச்சைக் கறியின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராகவும் கொழுப்பாகவும் கழிந்துவிடும். ஆகையால் தலைக்கு 150 கிராம் வெந்த கறி என்று வைத்துக்கொண்டால், 40 பேருக்கு 12 கிலோ வாங்க வேண்டும். அதையும் ஒரே பாளமாக வாங்காமல் 4 கிலோவுக்கு ஒன்றாக மூன்று துண்டுகள் வாங்குவது விவேகம்; வேகும் நேரத்தை நிர்ணயிப்பது மொத்த எடையைவிடத் துண்டின் பருமனே. முதல்நாள் இரவே கிலோவுக்கு 10 முதல் 15 கிராம் உப்பைத் தடவிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, அடுப்பேற்றுமுன் கொரகொரப்பாகப் பொடித்த மிளகைத் தூவினால் போதுமானது. இதற்கு மேல் மசாலா சேர்ப்பது அவரவர் விருப்பம். மத்திய டெக்சஸ் மரபு உப்பையும் மிளகையும் தாண்டுவதில்லை.

அடுப்பு எதுவாயினும் தத்துவம் ஒன்றே: தீ ஒரு புறம், கறி ஒரு புறம். நெருப்புப் பெட்டி பக்கவாட்டில் அமைந்த புகையடுப்பு சிறந்தது. 1952இல் ஜார்ஜ் ஸ்டீபன் வடிவமைத்த உருண்டை மூடியடுப்பிலும் கரியை ஓரமாக ஒதுக்கி, கறியின் கீழ் நீர்த்தட்டு வைத்துச் சமைக்கலாம். உள்ளே 110 முதல் 130 டிகிரி வரை உஷ்ணம் நிற்க வேண்டும். சிரத்தை முழுவதும் விறகின்மேல் செல்ல வேண்டும். நன்கு உலர்ந்த ஓக் விறகைச் சிறு பிளவுகளாக, காற்றோட்டத்தை அடைக்காமல், சுடர்விட்டு எரியும்படி இடும்போது, புகைபோக்கியின் வாயில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மெல்லிய நீலப் புகை எழும். அதுதான் கறிக்கு மணம் தருவது. ஈர விறகாலோ, காற்று போதாமையாலோ வெண்புகை குமுறிக்கொண்டு வருமானால் கறியில் கசப்பு ஏறிவிடும். பிறகு எந்தக் குழம்பாலும் அதை மாற்ற இயலாது. கரியமில வாயுவைவிடக் கொடியதான கார்பன் மோனாக்சைடு வெளிப்படுவதால், வீட்டுக்குள்ளும் வண்டிக் கொட்டகையிலும் இவ்வடுப்பை ஒருபோதும் மூட்டலாகாது.

அனுபவமில்லாதவரைக் கலங்கச் செய்வது நடுவழித் தேக்கமாகும். சில மணி நேரம் சீராக ஏறிவந்த கறியின் உள்வெப்பம், 65க்கும் 75க்கும் இடையில் ஓரிடத்தில் நின்றுவிட்டு, தீயை எவ்வளவு சரியாகப் பராமரித்தாலும் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை அசையாது. கறியின் மேற்பரப்பில் கசியும் ஈரம் ஆவியாகும்போது, அடுப்பு ஊட்டும் உஷ்ணத்தை அதுவே கவர்ந்துகொண்டு போவதுதான் காரணம் என்று கிரெக் பிளாண்டர் என்னும் பௌதிக அறிஞர் பரிசோதனையால் நிரூபித்தார். அவசரப்பட்டுத் தீயைப் பெருக்குவதைவிட, மேற்புறம் கறுத்து இறுகியதும் கறியைக் கசாப்புக் கடைக் காகிதத்தில் இறுகச் சுற்றுவது நலம். ஆவி அடங்கவே வெப்பம் மறுபடி ஏறத் தொடங்கும். உலோகத் தாளும் பயன்படும், ஆயினும் அது மேலோட்டின் முறுகலை ஊறவைத்து மென்மையாக்கிவிடுகிறது. 93 முதல் 96 டிகிரிக்குள் வெப்பமானியின் ஊசி கறிக்குள் தடையின்றி இறங்குமாயின் பதம் வந்துவிட்டது.

மாலை 7 மணி விருந்துக்கு முந்திய நள்ளிரவில் தீ மூட்டினால், மறுநாள் நண்பகலுக்குப் பின் கறி இறங்கும். சுற்றிய காகிதத்தோடு அதை வெப்பம் போகாத பெட்டியில், பழைய துண்டுகளைப் பொதிந்து மூடி வைத்தால், நான்கு மணி நேரம் 60 டிகிரிக்குக் குறையாமல் நிற்கும். சமைத்தவர் குளித்து உடைமாற்றி விருந்தினரை வரவேற்க அந்த அவகாசம் தாராளம். பிய்ப்பதைப் பந்திக்குச் சற்று முன்னரே செய்ய வேண்டும். பிய்த்த கறி விரைவில் ஆறி உலரும். கெட்டிக் கொழுப்பை நீக்கி, இழைகளையும் கறுத்த மேலோட்டையும் ஒன்றாகக் கலந்து, காகிதத்தில் தேங்கிய சாற்றைக் கொழுப்பு வடித்துத் திரும்ப ஊற்றினால் ஒவ்வொரு பிடியிலும் எல்லாச் சுவையும் சேரும். வெள்ளை ரொட்டி, பச்சை வெங்காயம், வெள்ளரி ஊறுகாய் ஆகியவை உடன் வைக்கத் தக்கவை. மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத தட்டுகளில் பரப்பிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுபடி உண்ணும்போது எடுத்துவைத்த சாற்றில் சிறிது சேர்த்து 74 டிகிரி வரை சுடவைக்க வேண்டும்.